இறப்புப் பதிவேட்டில் இல்லாத பெயர்கள்

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். முந்தின நாளே புல் செதுக்கி, வெள்ளையடித்து, சாமந்தி மாலையும் மெழுகுவர்த்தியுமாக நம் கல்லறைத் தோட்டங்கள் அன்று மாலை ஒளி வீசுகின்றன. குருவானவர் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வருகிறார். குடும்பத்தார் தங்கள் கல்லறையைச் சுற்றி நின்று காத்திருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் எந்தக் கல்லறையின் அருகிலும் நிற்காமல், நடுவிலுள்ள பெரிய சிலுவையின் அடியில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு ஒதுங்கி நிற்கும் தாய் ஒருவரைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வந்தேன். ஒருமுறை அருகில் சென்று பேசினேன். "எங்க வீட்டுக்காரருக்கு இங்க கல்லறை இல்லீங்க. கொரோனாவுல போனாரு. ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே கொண்டு போயிட்டாங்க. பூசையும் வைக்கல" என்றார். சற்றுத் தயங்கிவிட்டு, "கோயில் புஸ்தகத்துல அவரு பேரு இருக்குமாங்க?" என்று கேட்டார்.

பங்கு அலுவலகத்தில் இறப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். 2021 மே மாதப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை.

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே, அந்தத் தாயின் கேள்வி ஒரு குடும்பத்தின் கேள்வி மட்டுமல்ல. பெருந்தொற்றை நாம் கடந்துவிட்டோம் என்கிறோம். ஆலயங்கள் நிறைகின்றன, தேர்ப் பவனிகள் நடக்கின்றன, அசன விருந்துகள் முன்பைவிடப் பெரிதாகவே நடக்கின்றன. ஆனால் அந்த நாட்களில் துக்க மணி ஒலிக்காமல், தோள் கொடுக்க ஆளில்லாமல் போனவர்களை நம் பங்குச் சமூகம் முறைப்படி வழியனுப்பியதா? இதற்குப் பதில் சொல்லாமல் நாம் கடந்துவிட்டோம் என்று சொல்ல முடியாது.

கதவுகள் அடைபட்ட காலம்

நடந்ததை ஒருமுறை நினைத்துப் பார்ப்போம். 2020 மார்ச் 11 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 22, தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, மக்கள் ஊரடங்கு. மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று, நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. இரண்டு நாள் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தன்னந்தனியாக நின்று உலகிற்காக மன்றாடிய காட்சியை நாம் தொலைக்காட்சியில் கண்டோம். 1522-ல் உரோமையில் கொள்ளைநோய் பரவியபோது பவனியாகக் கொண்டு செல்லப்பட்ட புனித மார்செல்லோ ஆலயத்துச் சிலுவை அன்று அவர் அருகில் வைக்கப்பட்டிருந்தது. அத்திருத்தந்தையும் 2025 ஏப்ரல் 21 அன்று இறைவனடி சேர்ந்துவிட்டார்.

அந்த ஆண்டு ஏப்ரல் 5 குருத்து ஞாயிறும், ஏப்ரல் 12 உயிர்ப்புப் பெருவிழாவும் மக்கள் இன்றியே கடந்தன. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 அன்று திருப்பயணிகள் இல்லாமலேயே கொடி ஏறியது. தமிழகத்தில் 2020 செப்டம்பர் 1 முதல் ஆலயங்கள் திறக்கப்பட்டன. இரண்டாம் அலையில் 2021 ஏப்ரல் 26 முதல் மீண்டும் மூடப்பட்டு, ஜூலை 5-ல் திறக்கப்பட்டன. அடுத்த மாதமே வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களும் வழிபாட்டுத் தலங்களில் மக்களுக்கு அனுமதியில்லை என்றானது. அக்டோபர் நடுப்பகுதி வரை அது நீடித்தது. ஞாயிறு இல்லாத வாரங்கள் நம் பங்குகளுக்குப் புதிய அனுபவம்.

இந்த இடைவெளியைத் திரை நிரப்பியது. மாதா தொலைக்காட்சியும், பங்குகள் தொடங்கிய யூடியூப் ஒளிபரப்புகளும் பல இல்லங்களுக்கு ஆறுதலாக இருந்ததை மறுக்க முடியாது. முன்பெல்லாம் நம் பெரியவர்கள் "பூசை பார்த்தேன்" என்பார்கள். பார்ப்பது அல்ல, பங்கெடுப்பது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் நமக்குச் சொல்லித் தந்தார்கள். ஊரடங்கில் "பூசை பார்த்தாச்சா?" என்ற கேள்வி மீண்டும் வந்துவிட்டது. நல்ல கைப்பேசி இல்லாத முதியவர்களும் தினக்கூலிக் குடும்பங்களும் அந்தப் பார்வைக்கும் வெளியே நின்றார்கள்.

என்றாலும் மறையுரையைக் கேட்கலாம், செபமாலை சொல்லலாம், காணிக்கையைக்கூட வங்கி வழியே அனுப்பலாம் என்று பழகிக்கொண்டோம். ஒன்றை மட்டும் திரையில் செய்ய முடியவில்லை. இறந்தவரைச் சுமந்து சென்று, ஆளுக்கொரு கைப்பிடி மண் இட்டு அடக்கம் செய்வதற்குத் திரையால் ஆகாது. அதற்கு உடல் வேண்டும், தோள் வேண்டும், அண்டை வீட்டார் வேண்டும்.

அனுமதி இருந்தும் செய்யாதவை

'அரசு விடவில்லை' என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். அது முழு உண்மையா? 2020 மார்ச் 15 அன்று மத்திய நலவாழ்வு அமைச்சகம் கொரோனாவில் இறந்தோரின் உடலைக் கையாளும் விதிகளை வெளியிட்டது. உடலைக் குளிப்பாட்டுவதும், முத்தமிடுவதும், தழுவுவதும் கூடாது என்று அது சொன்னது. ஆனால் பணியாளர் உறையைத் திறந்து காட்ட, உறவினர் கடைசியாக முகம் பார்க்கலாம் என்றும் சொன்னது. உடலைத் தொடாமல் மறைநூல் வாசிக்கலாம், தீர்த்தம் தெளிக்கலாம் என்றும் அனுமதித்தது. ஊரடங்கு விதிகளும் இறுதிச் சடங்கில் இருபது பேர் வரை கலந்துகொள்ள இடமளித்தன. இருபது பேர் என்பது சிறு எண்ணிக்கைதான். ஆனாலும் ஒரு குருவானவரும், குடும்பத்தாரும், அன்பியத்தினர் நால்வரும் நிற்க அது போதும்.

நடைமுறையில் பல இடங்களில் இதுகூட நடக்கவில்லை. மருத்துவமனை நெருக்கடி ஒரு காரணம். ஆனால் அச்சம் அதைவிடப் பெரிய காரணம். 2020 ஏப்ரலில் சென்னையில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தொற்றில் இறந்த கிறிஸ்தவ மருத்துவர் ஒருவரின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய எதிர்ப்பு எழுந்தது. வேலங்காட்டில் மருத்துவ ஊர்தி தாக்கப்பட்டது. இறுதியில் உடன்பணியாற்றிய மருத்துவர் ஒருவரே மண்வெட்டி பிடித்து, இரவில் குழியை மூடவேண்டியதாயிற்று. அதன்பின் தமிழக அரசு, இத்தகைய அடக்கத்தைத் தடுப்போருக்குச் சிறைத் தண்டனை என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. இறந்தவரைப் புதைக்க விடு என்று சட்டம் போட வேண்டிய நிலைக்கு ஒரு சமுதாயம் வந்திருந்தது.

இதைச் சொல்வது யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த அல்ல. நம் குருக்களும் துறவியரும் அந்நாட்களில் உயிரைப் பணயம் வைத்தார்கள். நோயாளிகளிடையே பணியாற்றிய அருட்சகோதரிகள் பலர் மாண்டார்கள். புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் மேனாள் பேராயர் அந்தோணி ஆனந்தராயர் 2021 மே மாதத்தில் இத்தொற்றினால் இறந்தார். கேரளத்திலும் பெங்களூரிலும் குருக்களும் இளையோரும் பாதுகாப்பு உடையணிந்து, சாதி சமயம் பாராமல் பிறருடைய இறந்தோரையும் அடக்கம் செய்தார்கள். நம் பங்குகள் பலவற்றில் வின்சென்ட் தே பவுல் சபையினர் அரிசி மூட்டையோடு வீடு வீடாகச் சென்றார்கள். இவையெல்லாம் உண்மை. பங்கு அலுவலகத்து ஏட்டில் அந்த மனிதரின் பெயர் இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நாம் பார்க்கவேண்டும்.

முன்னோர் காட்டிய வழி

கொள்ளைநோய் திருச்சபைக்குப் புதிதல்ல. நம் ஊர்களில் புனித செபஸ்தியாருக்கும் புனித ஆரோக்கியநாதருக்கும் குருசடிகளும் சிற்றாலயங்களும் இருப்பதன் பின்னணியில் அம்மையும் காலராவும் வாரிச்சென்ற காலங்களின் நினைவு இருக்கிறது. 1576-ல் மிலான் நகரில் கொள்ளைநோய் பரவி, மக்கள் வீடுகளில் அடைக்கப்பட்டபோது, பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ தெருச் சந்திப்புகளில் பீடங்கள் அமைத்துத் திருப்பலி நிறைவேற்றச் செய்தார். மக்கள் தங்கள் சன்னல்களிலிருந்தே பங்கேற்றார்கள். மக்கள் ஆலயத்துக்கு வர முடியாதபோது ஆலயம் தெருவுக்குப் போனது. நலவாழ்வு விதியை மீறாமலேயே அது நடந்தது.

இன்னும் பழைய எடுத்துக்காட்டு தோபித்து நூலில் இருக்கிறது. நினிவேயில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்த தோபித்து, பெந்தக்கோஸ்துத் திருநாள் விருந்துக்கு அமர்ந்தவர், தம் இனத்தான் ஒருவன் சந்தையில் கொலையுண்டு கிடக்கிறான் என்று மகன் வந்து சொன்னதும், உணவைத் தொடாமலே எழுந்து போனார். உடலைக் கொண்டுவந்து வைத்து, கதிரவன் மறைந்தபின் புதைத்தார். இதற்காக ஏற்கெனவே உயிராபத்தைச் சந்தித்தவர் மீண்டும் அதையே செய்கிறாரே என்று அண்டை அயலார் நகைத்தார்கள். இறந்தோரை அடக்கம் செய்வதை உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழில் ஒன்றாகத் திருச்சபை வைத்திருப்பது இந்த மரபின் தொடர்ச்சியே.

நம் அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. ஆலப்புழை மறைமாவட்டம் கடலோரத்தில் உள்ளது. அங்கே சிறிது தோண்டினாலே நீர் ஊறும். கொரோனாவில் இறந்தோரை விதிப்படி ஆழமாகப் புதைப்பது அங்கே கடினமாக இருந்தது. 2020 ஜூலையில் அம்மறைமாவட்டம் ஆயரின் முடிவின்படி, பங்குக் கல்லறைத் தோட்டத்திலேயே உடலைத் தகனம் செய்து, சாம்பலை அதே தோட்டத்தில் அடக்கம் செய்தது. வழக்கத்தை மாற்றினார்கள். ஆனால் இறந்தவரைப் பங்கின் மண்ணிலிருந்து வெளியே அனுப்பவில்லை.

இதையொட்டி ஒரு விளக்கம் அவசியம். 'எரித்துவிட்டார்கள், இனிக் கோயிலில் பூசை வைக்க மாட்டார்கள்' என்று எண்ணிக்கொண்டு இன்றும் வாய் திறக்காத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இது தவறான எண்ணம். 1963-லேயே திருச்சபை தகனத்தின் மீதான தடையைத் தளர்த்தியது. அடக்கம் செய்வதையே திருச்சபை விரும்புகிறது. எனினும் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு எதிரான நோக்கத்தோடு தேர்ந்துகொள்ளப்பட்டாலன்றித் தகனத்தைத் தடுப்பதில்லை என்று திருச்சபைச் சட்டம் கூறுகிறது. சாம்பலைத் தூவாமல், புனிதப்படுத்தப்பட்ட இடத்தில் வைக்கவேண்டும் என்று 2016-ல் வத்திக்கான் அறிவுறுத்தியது. இலங்கையில் 2020 ஏப்ரல் முதல் 2021 பிப்ரவரி வரை கொரோனாவில் இறந்த அனைவரையும் தகனம் செய்யவேண்டும் என்று அரசே கட்டாயப்படுத்தியது. அடக்கத்தைக் கடமையாகக் கொண்ட இசுலாமிய சகோதரர்களுக்கு அது ஆறாத காயம். அங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்களும் தங்கள் முறைப்படி அடக்கம் செய்ய இயலாமல் போயிற்று. யாரும் தேர்ந்துகொள்ளாத தகனம் யாருக்கும் குற்றமாகாது.

அதுபோலவே, 'அவஸ்தை பூசாமல் போய்விட்டாரே' என்று ஏங்குவோருக்கும் திருச்சபையிடம் மறுமொழி உண்டு. 2020 மார்ச்சில் திருப்பீடத்தின் மனச்சான்றுப் பேராயம் வெளியிட்ட ஆணையில், நோயில்பூசுதல் பெற இயலாமல் சாகும் தறுவாயில் இருப்போரை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைத்து, நல்ல மனநிலையோடு இருந்து, வாழ்நாளில் ஏதேனும் செபம் சொல்லி வந்தவர்களுக்கு அந்நேரத்திலேயே நிறைபேறுபலன் வழங்கியது. அவர்கள் தனியாக இறந்தாலும் திருச்சபைக்கு வெளியே இறக்கவில்லை. இந்தச் செய்தி எத்தனை வீடுகளுக்குச் சென்று சேர்ந்தது?

ஒரு பெயர் எழுதப்படுவது எதற்கு?

பங்குப் பதிவேடு வெறும் அலுவலகக் காகிதம் அல்ல. 1614-ல் வெளியான உரோமைச் சடங்கு நூலே பங்குத்தந்தையர் வைத்திருக்கவேண்டிய ஏடுகளில் ஒன்றாக இறந்தோர் பதிவேட்டைக் குறிப்பிட்டது. இன்றைய திருச்சபைச் சட்டமும் திருமுழுக்கு, திருமண ஏடுகளோடு இறந்தோர் ஏட்டையும் கேட்கிறது. அடக்கம் முடிந்தபின் அதில் பதியவேண்டும் என்கிறது. குடும்பங்களைச் சந்திப்பதும், அவர்களது துயரத்தில், குறிப்பாகச் சாவின் துயரத்தில், பங்கெடுப்பதும் பங்குத்தந்தையின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. ஆக, ஏட்டில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் 'இவர் எம்மவர், இவரை யாம் வழியனுப்பினோம்' என்று ஒரு சமூகம் தரும் சாட்சி.

நாட்டின் கணக்கைப் பாருங்கள். இந்திய அரசின் கணக்கில் கொரோனாவில் இறந்தோர் ஏறத்தாழ 5 லட்சத்து 33 ஆயிரம். 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2022-ல் மதிப்பிட்டது. அந்த மதிப்பீட்டை அரசு ஏற்கவில்லை. 2025 மே மாதத்தில் வெளியான பிறப்பு இறப்புப் பதிவு அறிக்கையின்படி, 2020-ல் 81 லட்சமாக இருந்த பதிவான இறப்புகள் 2021-ல் 1 கோடியே 2 லட்சமாக உயர்ந்தன. கூடுதலானவை அனைத்தும் கொரோனாவால் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இத்தனை பெரிய வேறுபாடுகளுக்கிடையே நாடே தன் இறந்தோரை எண்ணி முடிக்கத் தடுமாறுகிறது. சில நூறு குடும்பங்களைக் கொண்ட ஒரு பங்கு தடுமாற வேண்டியதில்லை. நம்மிடம் குடும்ப அட்டை இருக்கிறது. தெருத் தெருவாக அன்பியங்கள் இருக்கின்றன. நாம் எண்களாக அல்ல, பெயர்களாக எண்ண முடியும்.

இத்தனை ஆண்டுகள் கழித்து ஆறிய புண்ணைக் கிளறுவானேன் என்று சிலர் கேட்கலாம். ஆறியிருக்கிறதா என்று அந்த வீடுகளில் கேட்டுப் பார்த்துவிட்டு இதைச் சொல்வது நல்லது. ஏழாம் நாள் செபமும், முப்பதாம் நாள் திருப்பலியும், துக்கம் கேட்க வந்து அமர்ந்திருக்கும் உறவுகளும் நம் மக்களுக்கு வெறும் சடங்குகள் அல்ல. அழுவதற்கும், அழுகையை முடித்துக்கொள்வதற்கும் அவை தரும் அனுமதி. அது கிடைக்காதவர்கள் இன்னும் பெரிய சிலுவையடியில் ஒதுங்கி நிற்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, ஒவ்வொரு பங்கிலும் பங்குத்தந்தையும் பங்குப்பேரவையும் 2020 மார்ச் முதல் 2022 தொடக்கம் வரையிலான இறப்புப் பதிவேட்டைக் குடும்ப அட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். விடுபட்டவர்களை அன்பியப் பொறுப்பாளர்கள் வீடு வீடாகச் சென்று கேட்டறியலாம். மறைமாவட்டச் செயலகத்தின் வழிகாட்டுதலோடு அப்பெயர்களை உரிய குறிப்புடன் ஏட்டில் சேர்க்கலாம். எங்கே அடக்கம் அல்லது தகனம் நடந்தது என்று தெரிந்தால் அதையும் எழுதலாம். துணையை இழந்தவர் மறுமணம் செய்ய முன்வரும்போதும், பிள்ளைகளுக்குச் சான்றுகள் தேவைப்படும்போதும் இது உதவியாகவும் இருக்கும்.

இரண்டாவது, பெருந்தொற்றுக் காலத்தில் நவம்பர் மாதம் முழுவதும் இறந்தோருக்கான பலன்களைப் பெற திருப்பீடம் வழி செய்தது. அந்த உணர்வோடு, நவம்பரில் ஒரு நாள் துக்க மணி ஒலித்து, அவர்களது பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசித்துத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். கல்லறை இல்லாதவர்களுக்காகப் பெரிய சிலுவையின் அடியில் பெயர்ப் பலகை ஒன்று வைக்கலாம். நம் ஊர்களில் வேலைக்கு வந்து இங்கேயே மாண்ட வடமாநிலத் தொழிலாளர்களையும், வளைகுடா நாடுகளில் மாண்ட நம் பிள்ளைகளையும் அப்பட்டியலில் மறக்கவேண்டாம்.

மூன்றாவது, உயிரோடிருப்பவர்களைக் கவனிக்கவேண்டும். பெற்றோர் இருவரையும் தொற்றில் இழந்த குழந்தைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சமும் என்று தமிழக அரசு 2021 மே மாதம் அறிவித்தது. வைப்புத்தொகை 18 வயது நிறையும்போது அக்குழந்தைகள் கைக்கு வரவேண்டியது. நம் பங்கில் அப்படி யார் இருக்கிறார்கள், அவர்கள் படிப்பு எப்படி இருக்கிறது, அந்தத் தொகையைச் சரியாகப் பயன்படுத்த வழிகாட்ட ஆள் உண்டா என்று அறிவது மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் அன்பியங்களுக்கும் கடினமல்ல.

நான்காவது, அடுத்த முறைக்கு ஆயத்தமாக வேண்டும். இனியும் பெருந்தொற்று வரலாம் என்பதால்தான் 2025 மே மாதத்தில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் பெருந்தொற்று உடன்பாடு ஒன்றை ஏற்றன. நாடுகள் திட்டமிடும்போது பங்குகள் சும்மா இருக்கலாமா? தனியாக வாழும் முதியவர் யார், கைப்பேசி இல்லாத வீடு எது, பாதுகாப்பு உடை அணிந்து அடக்கத்திற்குத் துணை நிற்க எந்த இளைஞர்களைப் பயிற்றுவிப்பது, விதிகளைத் தெரிந்துகொண்டு மருத்துவமனையில் பேசுவது யார் என்று இன்றே தீர்மானிக்கலாம். அச்சம் வந்தபின் தீர்மானிக்க நேரம் இருப்பதில்லை.

அந்தத் தாயின் கணவர் பெயர் இப்போது ஏட்டில் இருக்கிறது. ஆண்டுகள் பிந்தி, பக்க ஓரத்தில், ஒரு குறிப்போடு எழுதப்பட்டிருக்கிறது. அன்று மாலைத் திருப்பலிக்குமுன் அவருக்காகத் துக்க மணி ஒலித்தது. யார் இறந்தது என்று கேட்டு அக்கம்பக்கத்தார் சிலர் ஓடி வந்தார்கள். விவரம் அறிந்ததும் திரும்பிப் போகாமல் திருப்பலியில் அமர்ந்துவிட்டார்கள். பின்னர் அந்தத் தாயின் வீடு வரை நடந்து சென்று, துக்கம் கேட்டுவிட்டு வந்தார்கள்.

நல்ல ஆயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பவர் என்று நற்செய்தியில் கேட்கிறோம். அவரது மந்தையாகிய நாமும் ஒருவரையொருவர், வாழ்வோரையும் இறந்தோரையும், பெயர் சொல்லி நினைப்போம். வரும் நவம்பருக்குள் உங்கள் பங்கின் இறப்புப் பதிவேட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். இறந்த நம் சகோதர சகோதரிகள் அனைவரும் இறைவனின் இரக்கத்தால் நித்திய இளைப்பாற்றி அடைவார்களாக! ஆமென்.